கார் வாங்குவது, வைத்திருப்பது, பார்த்துக்கொள்வது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் எங்கள் தெருவில் யாருக்காவது கார் ஆசை வந்தால், ஷோரூமுக்குப் போகும் வழியில் என் வீட்டு கேட்டைத் தட்டிவிட்டுத்தான் போவார்கள். நான் மெக்கானிக் இல்லை, ஆபீசில் கணக்குப் பார்க்கிறவன். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளை பானெட்டுக்குள் தலையை விட்டே கழித்திருக்கிறேன், அவ்வளவுதான் தகுதி. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. அத்தனையும் என் அபிப்பிராயம். ஒத்துவராதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம், டீ உண்டு.

அண்ணா, பட்ஜெட் எட்டு லட்சம். எந்தக் கார் வாங்கலாம்?

எட்டு லட்சம் கையில் இருந்தால் ஆறரை லட்சத்துக்குக் கார் பாருங்கள். விளம்பரத்தில் போடுவது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை ஏற்றினார்கள். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையான காருக்கு 13 சதவீதம், பத்துக்கு மேல் இருபது வரை 18, அதற்கும் மேல் 20. ஏழு லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி மட்டுமே தொண்ணூறாயிரம் பக்கம் வந்துவிடும். அதற்கு மேல் இன்சூரன்ஸ், அப்புறம் ஷோரூமில் தலையில் கட்டும் ஃப்ளோர் மேட், சீட் கவர்.

எந்த மாடல் என்று கேட்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த வண்டியில் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா? என் மச்சான் காங்கேயத்தில் இருக்கிறார். சகாய விலைக்கு வந்தது என்று ஒரு வெளிநாட்டு செடான் வாங்கினார். ஓட்டும்போது கப்பல் மாதிரி இருக்கும், குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒரு சென்சார் போனாலும் கோயம்புத்தூருக்குக் கட்டி இழுத்துத்தான் வர வேண்டும். இரண்டாவது தடவை இழுத்துவிட்டு வந்த அன்றே விற்றுவிட்டார்.

புது வண்டியா, செகண்ட் ஹேண்டா?

பத்து வருடம் வைத்திருப்பேன் என்கிறவர் புதிது வாங்கலாம். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறவர் புதிது வாங்கினால், அடுத்து வாங்கப்போகிறவருக்கு மொய் வைக்கிறார் என்று அர்த்தம். இப்போதுதான் ஓட்டப் பழகியிருக்கிறீர்கள் என்றால் பழைய வண்டிதான். முதல் வருடம் எப்படியும் வீட்டு காம்பவுண்டில் ஒரு கோடு போடுவீர்கள், அந்தக் கோடு பழைய பெயின்ட்டில் விழட்டும்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

காலையில் போங்கள். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், ஆறின இன்ஜினில் தெரியக்கூடிய எதையோ மறைக்கிறார்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் நீலப் புகை, செயின் சத்தம், இழுத்து இழுத்து எடுக்கும் செல்ஃப் எல்லாம் வெளியே வரும்.

அடுத்து ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. காபி மேல் நிற்கும் நுரை மாதிரி பழுப்பாக ஒட்டியிருந்தால், ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்தான் (இன்ஜினுக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்). இன்ஜின் ஓடும்போது அதே மூடியைத் தளர்த்தினால் குபுகுபுவென்று புகை வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

கதவு ரப்பரை விரலால் இழுத்துவிட்டு உள்ளே பாருங்கள். கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டங்களாக, சீரான இடைவெளியில் இருக்கும். அந்த வட்டங்கள் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அந்தப் பக்கம் டிங்கரிங் ஆகியிருக்கிறது. பானெட் கீல் போல்ட்டில் ஸ்பானர் தழும்பு இருந்தால் பானெட்டைக் கழற்றியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் மூலையில் தயாரித்த வருடம் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் வேறு வருடம் காட்டினால், "இது ஏனுங்க மாத்துனீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதிலை விட முகத்தைக் கவனியுங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். அதைத் திருப்புவது அரை மணி நேர வேலை. பெடல் ரப்பர் பொய் சொல்லாது. நான் ஒரு வண்டி பார்க்கப் போனேன். மீட்டரில் 42,000 கிலோமீட்டர், "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்றார் புரோக்கர் (எல்லாப் புரோக்கரிடமும் ஒரு டாக்டர் வண்டி இருக்கும்). கிளட்ச் பெடலின் ரப்பரில் வரிகளே இல்லை, மொழுமொழுவென்று தேய்ந்து ஒரு ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது. ஸ்டீயரிங்குக்கு மட்டும் புதுக் கவர். டாக்டர் கிளட்சில் நின்றுகொண்டேதான் வைத்தியம் பார்த்தார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். சர்வீஸ் ரெக்கார்டு கேளுங்கள். ரெக்கார்டு உள்ள 1,10,000 ஓடிய வண்டியா, ரெக்கார்டு இல்லாத 50,000 ஓடிய வண்டியா என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுப்பேன்.

டெல்லி வண்டி பாதி விலைக்கு வருகிறதே, எடுக்கலாமா?

டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல், பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு எதிராகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவு போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால்தான் அங்கே எட்டு ஒன்பது வருட டீசல் வண்டியின் விலை சரிந்தது, புரோக்கர்கள் இங்கே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அது டெல்லி வட்டாரத்துக்குப் போட்ட உத்தரவு. தமிழ்நாட்டில் உங்கள் பத்து வருட டீசலை யாரும் பிடுங்க மாட்டார்கள், அந்தப் பயத்தில் அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

வாங்கலாமா என்றால், அந்தப் பாதி விலையோடு இன்னும் கூட்ட வேண்டியது இருக்கிறது. அந்த ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ற ஆயுள் வரி கட்ட வேண்டும், டி.என். நம்பருக்கு மாற்ற வேண்டும். கடன் பாக்கி, அபராத பாக்கி, வழக்கு ஏதாவது இருந்தால் சான்று வராது. "பேப்பர் எல்லாம் பின்னாடி வந்துரும் சார்" என்று சொல்கிறவரிடம், பணமும் பின்னாடி வரும் என்று சொல்லுங்கள்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தில் மூழ்கியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. இப்போதெல்லாம் ரெட் அலர்ட் என்று அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தின் இரண்டு ஓரத்திலும் காரை வரிசையாக ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள். பட்டவர்களுக்குத்தான் அருமை தெரியும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். வண்டியைக் கழுவுகிறவர்கள் வழக்கமாக வெளியே தெரியும் பகுதியோடு நிறுத்திவிடுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஓரடியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். சீட் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி குழிக்குள் மண், ஏசியைப் போட்டதும் ஈரச்சாக்கு வாடை. இதில் இரண்டு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். இன்ஜினைச் சரி செய்துவிடலாம், வயரிங் வருடக்கணக்கில் உயிரை வாங்கும்.

ஒருவேளை உங்கள் வண்டியே தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் திருகாதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்டார்ட் செய்யப் பார்த்து வந்த சேதம் என்றால் சாதாரண பாலிசியில் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரிக்கும்.

பெட்ரோலா, டீசலா, எலெக்ட்ரிக்கா?

தினமும் காந்திபுரம் போய்வர பெட்ரோல். வாரா வாரம் ஐந்நூறு கிலோமீட்டர் ஹைவேயில் ஓட்டுகிறவருக்கு டீசல். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டியின் சைலன்சர் பக்கம் கரித்துகளைப் பிடித்து வைக்கும் ஒரு ஃபில்டர் இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, இருபது நிமிடமாவது நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓடும் டீசலில் ஃபில்டர் அடைத்துக்கொண்டு லைட் எரியும், அப்புறம் பில் எரியும்.

எலெக்ட்ரிக் எனக்குப் பிடிக்கும். சொந்த வீடு, கார் நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட், தினம் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டம் என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அபார்ட்மென்ட் என்றால் சார்ஜருக்கு அசோசியேஷன் சம்மதிக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் புக் பண்ணுங்கள்.

ஆட்டோமேட்டிக் எப்படி?

முட்டிவலி உள்ளவர்களுக்கு வரம். மலைக்கு அதிகம் போகிறவர்கள், ஏ.எம்.டி. (சாதாரண கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை ஆட்டோமேட்டிக்) வாங்கும் முன் ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.

ஃபோர்டு பழைய வண்டி மலிவாக வருகிறது. கம்பெனிதான் போய்விட்டதே?

மறைமலை நகரில் உற்பத்தி 2022-இல் நின்றது. சர்வீஸ் இன்னும் நடக்கிறது. ஓட்டுவதில் இன்பம் காண்கிறவர்களுக்கு அந்த ஸ்டீயரிங்குக்கு ஈடு அந்த விலையில் கிடையாது, இதில் நான் கொஞ்சம் ஒருதலைப்பட்சம்தான். அதன் 1.5 டீசல் இன்ஜினில், வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தப்பாமல் இயக்க டைமிங் செயின் இல்லை, பெல்ட். ரெனோ டஸ்டரின் டீசலிலும் பெல்ட்தான். அது ரப்பர் சமாசாரம், மேனுவலில் சொன்ன கிலோமீட்டரோ வருடமோ எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் முட்டி இன்ஜின் காலி. மாற்றியதற்கு பில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

புது வண்டி டெலிவரி எடுக்கும்போது?

பூஜை, எலுமிச்சம்பழம், போட்டோ எல்லாம் கடைசி. ரிஜிஸ்டர் பண்ணுவதற்கு முன்னாலேயே யார்டுக்குப் போய் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ஷோரூம் லைட்டில் எல்லா பெயின்ட்டும் அழகுதான். எந்த மாதம் தயாரான வண்டி என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3124 என்றால் 2024-ஆம் வருடம் 31-ஆவது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

கம்பெனி சர்வீசா, வெளி மெக்கானிக்கா?

வாரன்டி முடியும் வரை கம்பெனி. அதற்குப் பிறகு, நல்ல ஆள் கிடைத்தால் வெளியே.

கம்பெனி சர்வீசில் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். இன்ஜின் டீகார்பனைசிங், த்ராட்டில் க்ளீனிங், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங் என்று வரும். 15,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு இதில் எதுவும் அவசரம் இல்லை. "மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்குங்க?" என்று கேட்டால் அட்வைசர் பாதியை அடித்துவிடுவார்.

ஒருமுறை ஒரு சர்வீஸ் சென்டரில் விடும் முன், ஏர் ஃபில்டரின் ஓரத்தில் நீல மையால் ஒரு பிள்ளையார் சுழி போட்டு அனுப்பினேன். பில்லில் புது ஏர் ஃபில்டர் இருந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் என் பிள்ளையார் சுழி என்னைப் பார்த்துச் சிரித்தது. திரும்பப் போய்க் காட்டினேன், மேனேஜர் ஏதோ தவறுதல் என்றார், பணம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து கழற்றிய பழைய பார்ட்டை எல்லாம் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "ஆல்டர்னேட்டர் பேரிங்குங்க தம்பி, இன்ஜினைத் தொடாதீங்க" என்பார். புது வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும்தான். ஸ்கேனர் பிழை எண்ணைக் காட்டும், எதை மாற்றக்கூடாது என்று காட்டாது.

எந்த ஆயில் நல்லது?

மேனுவலில் போட்டிருப்பது. பிராண்டை விட கிரேடு முக்கியம். இன்றைய சின்ன பெட்ரோல் இன்ஜின்கள் சிலவற்றுக்கு 0டபிள்யூ-16 என்று தண்ணீர் மாதிரி ஆயில் கேட்கிறார்கள். "திக்கா ஊத்துனாத்தான் இன்ஜின் தாங்கும்" என்று அதில் 20டபிள்யூ-40 ஊற்றுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று எழுதியிருந்தால், ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு நான் 7,500-லேயே மாற்றிவிடுவேன்.

கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் உண்மையிலேயே மாற்ற வேண்டுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மற்ற கேள்விகளுக்கே உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கார்களுக்குச் செலவழித்த பெரிய தொகைகள் எல்லாம் இந்த மாதிரி சில நூறு ரூபாய் சமாசாரங்களை விட்டதால் வந்தவை.

அப்பாவின் மாருதி 800-க்கு ரேடியேட்டரில் தண்ணீர் குறையும்போதெல்லாம் தோட்டத்துப் பைப்பில் பிடித்து ஊற்றுவேன். போர் தண்ணீர், எங்கள் ஊர்ப் பேச்சில் உப்புத்தண்ணி. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிந்தது. ஒரு மே மாதம் கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது ஊசி சிவப்பைத் தொட்டது. ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டைச் செதுக்கி, மாதச் சம்பளத்தில் பாதி. கலந்தே வரும் கூலன்ட் கேன் ஒன்று வாங்கியிருந்தால் முடிந்திருக்கும்.

பிரேக் ஆயில் கதை இன்னும் மோசம். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரிதான் கணக்கு. சமவெளியில் வித்தியாசமே தெரியாது. வால்பாறையில் இருந்து ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது கியரில் விட்டுவிட்டு பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கிக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது வளைவுப் பக்கம் பெடல் பஞ்சு மாதிரி ஆனது. ஒன்பதாவது வளைவில், எல்லோரும் இறங்கி ஆழியாறு அணையைப் படம் பிடிக்கும் இடத்தில், பெடல் பாதிக்கு மேல் உள்ளே போனது. ஹேண்ட் பிரேக்கையும் ஃபர்ஸ்ட் கியரையும் வைத்து நிறுத்தினேன். சக்கரத்தில் இருந்து கருகின வாடை. வரையாடு ஒன்று சுவர் மேல் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு செகண்ட் கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். அம்மா வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆயிலை மாற்றி நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். மலை இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வண்டியைக் கெடுக்குமா?

2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் நிம்மதியாக இருங்கள். பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும். எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதை இருபது சதவீதம் கலந்தால் கணக்கு அப்படித்தான் வரும். எனக்குக் கவலை மைலேஜ் இல்லை, ரப்பர். பழைய எரிபொருள் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய வண்டியில் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள், பெட்ரோலை ஊற்றி மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

டயரில் நைட்ரஜன் அடிக்கலாமா?

நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இருபது நாளுக்கு ஒருமுறை காலையில், டயர் சூடாகும் முன் காற்றுப் பிடியுங்கள், போதும்.

இன்சூரன்ஸில் எதைக் கவனிக்க வேண்டும்?

நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்குத் தரும் பிரீமியம் தள்ளுபடி) உங்களுடையது, வண்டியினுடையது இல்லை. ஐந்து வருடம் கிளெய்ம் செய்யாமல் இருந்தால் 50 சதவீதம் வரை போகும். வண்டியை விற்றாலும் அதைப் புது வண்டிக்கு எடுத்துக்கொண்டு போகலாம். பம்பர் கீறலுக்கு நாலாயிரம் ரூபாய் கிளெய்ம் செய்து அடுத்த வருடம் ஆறாயிரம் போனஸை இழக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் போனஸ் போய்விடும். சென்னைக்காரர்கள் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை விற்றாகிவிட்டது, பணமும் வந்துவிட்டது. ஆர்.சி. மாற்றுவதை அவர் பார்த்துக்கொள்வார், இல்லையா?

மாட்டார். படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு புரோக்கர் அடுத்த ஆள் கிடைக்கும் வரை அப்படியே ஓட்டுவார். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆர்.சி. பெயர் மாறும் வரை ஒரு சிறு தொகையைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். லோன் போட்டு வாங்கிய வண்டி என்றால் கடனை அடைத்த கையோடு படிவம் 35 கொடுத்து பேங்க் பெயரை எடுத்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு, விற்கும் அன்று பேங்க் பேங்க்காக அலைவது ஒரு தனிக் கொடுமை.

பதினைந்து வருடம் ஆனால் வண்டியைக் கழித்துத்தான் ஆக வேண்டுமா?

இல்லை. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம். கட்டணம்தான் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000-க்குத் தாவியது. பாடியில் துரு இல்லை என்றால் புதுப்பியுங்கள். அடிப்பாகத்தில் துரு தின்றுவிட்டது என்றால், அதில் டிங்கரிங்குக்குப் போடும் பணம் ஆற்றில் கரைத்த புளி.

சரி, நீங்கள் இப்போது என்ன வண்டி வைத்திருக்கிறீர்கள்?

2012 ஸ்விஃப்ட் டீசல். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின், மாருதியும் டாடாவும் ஃபியட்டும் போட்டுக்கொண்டு ஓடிய அதே இன்ஜின். 1,86,000 ஓடியிருக்கிறது, கிளட்ச் ஒருமுறை மாற்றியிருக்கிறேன். அப்பாவின் 1998 மாடல் 800-ம் ஷெட்டில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை மருதமலை வரை போய்வரும். ஸ்விஃப்ட்டில் நாலு நாளாக ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது இடது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். நான் லிங்க் ராடு என்கிறேன், அண்ணன் ஷாக் அப்சர்பர் மவுன்ட் என்கிறார். சனிக்கிழமை கழற்றிப் பார்க்கிறோம்.